குளத்து நீரும் கொழும்பு விலையும்

2022 ஓகஸ்ட் மாதம் இலங்கையில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் உயர்த்தப்பட்டது. அடுத்த சில நாட்களில், செப்டெம்பர் முதலாம் திகதி, சர்வதேச நாணய நிதியத்துடன் கடனுதவி குறித்து அலுவலர் மட்ட உடன்பாடு எட்டப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. எரிபொருளைக் கொள்வனவு விலைக்கும் குறைவாக விற்று வந்ததால் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ஆண்டுக்கணக்கில் நட்டம் சுமந்தது உண்மை. அந்த நட்டம் கடைசியில் பொதுமக்களின் தலையிலேயே விழுந்தது என்பதும் உண்மை. ஆனால் அந்த விலையேற்றம் பற்றிய பேச்சு பெரும்பாலும் மீனவர்களைச் சுற்றியே இருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் தண்ணீர் இறைக்கும் சிறிய இயந்திரங்களில் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை என்பதை அந்த நாட்களில் எழுதியவர்கள் மிகச் சிலரே. எங்கள் குடும்பத்தில் இன்னும் தோட்டம் செய்பவர்கள் இருப்பதால், எனக்கு அந்தச் செய்தி முதலில் ஒரு கிணற்றைப் பற்றிய செய்தியாகவே வந்தது.

பொருளாதாரச் சீர்திருத்தம் என்று நாம் பொதுவாகச் சொல்லும் நடவடிக்கைகள், அதாவது இறக்குமதியைத் திறந்து விடுவது, மானியங்களைக் குறைப்பது, அரசு நிறுவனங்களைச் சந்தையிலிருந்து விலக்குவது, நாணயத்தின் மதிப்பைச் சந்தையிடம் விடுவது ஆகியவை, நீர்ப்பாசனத்தை நம்பிய விவசாயியிடம் எப்படி வந்து சேர்கின்றன என்பதைப் பற்றி நீண்ட நாட்களாக எழுத நினைத்திருந்தேன். வளர்முக நாடுகள் பலவற்றுக்கும் இது பொதுவான கேள்விதான் என்றாலும், இந்தியாவுக்கு ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் முந்தி, 1977இலேயே சந்தையைத் திறந்த நாடு இலங்கை. அதே நேரத்தில் ஆயிரக்கணக்கான குளங்களையும் பாரிய நீர்த்தேக்கங்களையும் நம்பி உண்ணும் நாடும் அதுவே. எனவே இந்தக் கேள்வியை ஆராய இலங்கையை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டின் காரணமாக மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு போன்றவற்றின் இறக்குமதியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியது. நகரத்து மக்கள் பாணுக்கு வரிசையில் நின்ற அந்த ஆண்டுகள்தாம் குடாநாட்டுத் தோட்டக்காரரின் பொற்காலமாகவும் அமைந்தன. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத அந்த நிலத்தில், மாரி மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கித் தங்குவதுதான் வருடம் முழுவதற்குமான நீர். ஒரு தலைமுறைக்கு முன்வரை, ஒருவர் துலாவில் ஏறி மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் பாத்திக்குத் தண்ணீர் மாற என்று விடியற்புறத்தில் நடந்த இறைப்பு, 1950களிலும் 1960களிலும் இயந்திரத்துக்கு மாறியிருந்தது. இறைப்பு எளிதானதும், வெளியிலிருந்து மிளகாய் வராததும் ஒன்று சேர்ந்தபோது, செம்பாட்டு மண்ணில் சில பரப்பு நிலம் வைத்திருந்த குடும்பங்கள்கூடக் கல்வீடு கட்டின, பிள்ளைகளைப் படிப்பித்தன, மகள்மாருக்குச் சீதனம் சேர்த்தன. படித்த இளைஞர்களும் மிளகாய்த் தோட்டத்துக்கு இறங்கிய காலம் அது என்று எங்கள் பெரியப்பா பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1977 ஜூலையில் ஆட்சி மாறியது. அவ்வாண்டு நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டம் இறக்குமதிக் கட்டுப்பாடுகளில் பெரும்பகுதியை நீக்கியது. இரட்டை நாணய மாற்று விகிதம் ஒழிக்கப்பட்டு ஒரு டொலர் ஏறத்தாழ 16 ரூபாய் என்ற மட்டத்தில் ரூபாயின் மதிப்பு இறக்கப்பட்டது. பொருளியல் பாடப்படி, ரூபாய் மதிப்பிறங்கினால் இறக்குமதி மிளகாயின் விலை கூடி உள்ளூர் உற்பத்தியாளருக்கு நன்மை வர வேண்டும். நடந்தது வேறு. தடை நீங்கியதால் வந்த சரக்கின் அளவு, மதிப்பிறக்கம் கொடுத்த சிறு பாதுகாப்பை மூழ்கடித்தது. அதே மதிப்பிறக்கம் இறைப்பு இயந்திரத்தையும் அதன் உதிரிப்பாகங்களையும் எரிபொருளையும் பூச்சிமருந்தையும் விலை ஏற்றியது. விற்கும் பக்கத்தில் விலை இறங்க, வாங்கும் பக்கத்தில் விலை ஏற, இரண்டுக்கும் நடுவில் தோட்டக்காரர் நின்றார். வானம் பார்த்த பயிரைவிடப் பாசனப் பயிரே இந்த இறுக்கத்தை அதிகம் உணர்ந்தது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் பாசன விவசாயி ஏற்கெனவே பணம் போட்டவர். கிணறு, இயந்திரம், குழாய், பசளை என்று ஒவ்வொன்றும் கைக்காசோ கடனோ ஆக நிலத்துக்குள் இறங்கிய பிறகுதான் அவருக்குப் பயிரே தொடங்குகிறது.

பின்னாட்களில் இந்தப் பயிர்களுக்கு இடையிடையே இறக்குமதி உரிமக் கட்டுப்பாடுகள் திரும்பி வந்தன. ஆனால் குடாநாட்டுக்கு அதனால் பெரிய பயன் கிட்டவில்லை. 1983க்குப் பின் போர் வந்தது. 1990களின் தொடக்கத்தில் எரிபொருளும் யூரியாவும் வடக்குக்குச் செல்லாதபடி தடை வந்தது. சீர்திருத்தத்தின் விளைவு எது, போரின் விளைவு எது என்று அங்கே பிரித்துச் சொல்வது கடினம். ஆகவே அதற்கு மேல் வடக்கை மட்டும் வைத்து முடிவுகள் சொல்ல நான் துணியவில்லை. தெற்கையும் பார்க்க வேண்டும்.

சந்தையைத் திறந்த அதே அரசுதான் இலங்கை வரலாற்றிலேயே மிகப் பெரிய நீர்ப்பாசனக் கட்டுமானத்தையும் தொடங்கியது. 1968இல் வகுக்கப்பட்டு முப்பது ஆண்டுகளில் முடிக்க எண்ணப்பட்ட மகாவலித் திட்டம், ஆறே ஆண்டுகளில் முடிக்கும் துரித திட்டமாகச் சுருக்கப்பட்டது. அதன் நீர்த்தேக்கங்களில் விக்டோரியாவுக்குப் பிரித்தானியாவும், கொத்மலைக்குச் சுவீடனும், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜேர்மனியும், மாதுறு ஓயாவுக்குக் கனடாவும் பணம் தந்தன. கலாவெவவைச் சூழ்ந்த ‘எச்’ வலயத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டரை ஏக்கர் பாசன வயலும் அரை ஏக்கர் குடியிருப்பு நிலமும் வழங்கப்பட்டன. இந்தக் குடியேற்றங்கள் இனங்களுக்கிடையே உண்டாக்கிய காயத்தை நான் மறக்கவில்லை. அது தனியாக எழுதப்பட வேண்டிய விடயம். இங்கு நான் காண்பது வேறொரு முரண்பாடு: அரசு ஒரு கையால் விலைகளைச் சந்தையிடம் ஒப்படைத்தது, மறு கையால், பெரும்போகத்தில், அதாவது மாரிப் பருவத்தில், நெல்லையே எண்ணித் திட்டமிட்ட வாய்க்கால்களையும், விற்கவோ வங்கியில் ஈடு வைக்கவோ இயலாத அனுமதிப்பத்திரக் காணிகளையும் கட்டியெழுப்பியது. சந்தை சொல்வதைக் கேட்டு நடக்கும்படி ஒரு விவசாயியிடம் சொல்லிவிட்டு, அவர் எங்கும் திரும்ப முடியாத ஓர் அமைப்பில் அவரைக் குடியமர்த்தினால், அவர் எதைச் செய்வார்?

இதை விளங்கிக்கொள்ளப் பெரிய குளத்தின் கீழ் ஒரு போகம், அதாவது ஒரு பயிர்ப் பருவம், எப்படித் தொடங்குகிறது என்பதை அறிய வேண்டும். போகத்துக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதியில் துருசு (குளத்து மதகு) திறப்பது, எந்தத் திகதியில் இறுதி நீர் விடுவது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா என்பவை எல்லாம் அங்கே எல்லோருக்குமாக முடிவாகும். நீர் குறைந்த சிறுபோகத்தில், மேல் வாய்க்கால் நிலத்தின் ஒரு பகுதியைக் கீழ் வாய்க்கால்காரருக்கும் அந்தப் போகத்துக்கு மட்டும் பங்கிட்டுக் கொடுக்கும் பெத்ம முறை பல இடங்களில் இன்றும் இருக்கிறது. முடிவெடுத்த பிறகு, நடுவில் இருக்கும் ஒருவர் மட்டும் நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாற விரும்பினாலும், சுற்றியுள்ள வயல்களில் நீர் கட்டி நிற்கும்போது அவருடைய வயலில் மிளகாய் வேர் அழுகும். அவர் ஒரு தனிமனிதராகச் சந்தைக்கு மறுமொழி சொல்ல முடியாது. ஒரு வாய்க்காலாகத்தான் சொல்ல முடியும். போதாததற்கு, 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டமும் நெற்காணியில் வேறு பயிர் செய்ய அனுமதி பெற வேண்டும் என்கிறது.

ஆக, விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது. நீர் பற்றிய முடிவு போகத்துக்கு ஒருமுறைதான் எடுக்கப்படுகிறது. வாய்க்காலின் அமைப்போ ஒரு தலைமுறைக்கு ஒருமுறை மாறினால் பெரிது. சீர்திருத்தங்களை வடிவமைப்பவர்கள் இந்த மூன்று வேகங்களும் ஒன்றே என்று எண்ணிக்கொண்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. நான் இந்தப் பதிவில் சொல்ல வந்ததும் முக்கியமாக இதுதான்.

நீர்க் கட்டணத்தின் கதையை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். புதிய வாய்க்கால்களைப் பராமரிக்கும் செலவு ஏறிக்கொண்டே போனபோது, கொடையாளிகளின் வற்புறுத்தலும் சேர, 1984இல் பாரிய நீர்ப்பாசனத் திட்டங்களில் ஏக்கருக்கு 100 ரூபாய் வீதம் பராமரிப்புக் கட்டணம் அறவிடத் தொடங்கினார்கள். படிப்படியாக அதை இரட்டிப்பாக்குவதும் எண்ணமாக இருந்தது. முதலில் ஓரளவு பணம் சேர்ந்தது, பிறகு வேகமாகச் சரிந்து, அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் பெயரளவில் மட்டும் எஞ்சியது. தெற்கில் கிளர்ச்சி, வடக்கிலும் கிழக்கிலும் போர், கட்டாதவர் மீது நடவடிக்கை எடுக்க எந்த அரசியல்வாதியும் முன்வராமை என்று காரணங்கள் பல. ஆனாலும் ஓர் எளிய காரணத்தை நான் முன்னே வைப்பேன்: கடைவாய்க்கால் விவசாயிக்குத் தண்ணீர் வருமா என்பதே நிச்சயமில்லாதபோது, வராத தண்ணீருக்கு அவர் எதற்காகப் பணம் கட்ட வேண்டும்? மெக்சிகோ 1990களில் தன் பாசன மாவட்டங்களை விவசாயிகளின் சங்கங்களிடம் ஒப்படைத்தபோது, கட்டணத்தின் பெரும்பகுதி அந்தச் சங்கத்தின் கையிலேயே தங்கி, அவர்கள் வாய்க்காலுக்கே செலவானது. கட்டினால் என்ன கிடைக்கும் என்பது கட்டுபவரின் கண்ணுக்குத் தெரிந்தது.

இலங்கை 1988இன் இறுதியில் வேறு வழிக்குத் திரும்பியது. கிளை வாய்க்கால்களையும் வயல் வாய்க்கால்களையும் கமக்காரர் அமைப்புகளே, அதாவது விவசாயிகளின் சங்கங்களே, பராமரிக்க வேண்டும். பதிலுக்குக் கட்டணம் இல்லை. தலைமை அணைக்கட்டும் பிரதான வாய்க்காலும் நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் அல்லது மகாவலி அதிகார சபையிடம் இருக்கும். 1991இல் சட்டத் திருத்தம் மூலம் இந்த அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரமும் கிடைத்தது. இதை அரசு பொறுப்பைக் கைகழுவிய செயல் என்று சொல்பவர்கள் உண்டு. நான் முழுமையாக அப்படிச் சொல்ல மாட்டேன். சிரமதானத்தில் வாய்க்கால் துப்புரவு செய்வதும், நீர் முறை வைப்பதும், முறைகேடு செய்தவரைக் கூட்டத்தில் நிறுத்திக் கேட்பதும் எங்கள் குளக்கரைகளுக்குப் புதியவை அல்ல. நீர்ப் பங்கீட்டைப் பார்த்துக்கொண்ட வட்டவிதானைமார் காலத்திலிருந்தே இருப்பவை. குறை வேறிடத்தில் இருந்தது. வாய்க்காலின் வேலை விவசாயிக்கு மாறியது, திறவுகோல் மாறவில்லை. எப்போது எவ்வளவு நீர் பிரதான வாய்க்காலுக்குள் வரும் என்பதை முடிவு செய்யும் இடத்தில் அவருடைய குரல் அந்தப் போக ஆரம்பக் கூட்டத்தோடு நின்றுவிடுகிறது. உடைந்த கட்டுமானத்தைத் திருத்தாமல் கைமாற்றிய இடங்களில், ஏழை அமைப்பொன்று பழைய பழுதையும் சேர்த்துப் பெற்றுக்கொண்டது.

இதே ஆண்டுகளில்தான் மற்றக் கதவுகளும் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. 1962 முதல் இருந்து வந்த பசளை மானியம் 1990இல் நீக்கப்பட்டது. 1994இல் ஆட்சி மாறியதும் திரும்ப வந்தது. 1971இல் உருவான நெல் சந்தைப்படுத்தும் சபையின் கொள்வனவு 1990களில் சுருங்கிச் சுருங்கி இல்லாமலே போயிற்று. சபையின் களஞ்சியங்கள் பூட்டிக் கிடக்க, அறுவடையான ஈர நெல்லைக் காயவைக்க முற்றமும் இல்லாமல், கடன்காரருக்குச் சொன்ன தவணையும் தாண்டிவிட்ட விவசாயி, வயல் வரம்பிலேயே வியாபாரி சொன்ன விலைக்கு மூடைகளை ஏற்றிவிட வேண்டியதாயிற்று. அரசு விலகினால் பல தனியார் போட்டி போட்டு வாங்குவார்கள் என்பது எதிர்பார்ப்பு. காலப்போக்கில் பொலன்னறுவைப் பக்கத்துப் பெரிய ஆலைகள் சிலவற்றின் கையில் நெல்லும் களஞ்சியமும் குவிந்தன. அரிசி வாங்குபவரும் நெல் விற்பவரும் ஒரே இடத்தைப் பார்த்து முறையிடும் நிலை வந்தது. சபை பின்னர் 2000களில் உயிர்ப்பிக்கப்பட்டாலும், மொத்த விளைச்சலில் அது வாங்கும் பங்கு சிறிதாகவே இருந்து வருகிறது.

1996இல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி உரிமக் கட்டுப்பாடு நீக்கப்பட்டு, அதற்குப் பதில் தீர்வை வந்தது. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி. ஏனெனில் ‘எச்’ வலயத்திலும் தம்புள்ளைச் சுற்றுவட்டாரத்திலும் விவசாயிகள் அதற்கு முந்திய பத்து, பதினைந்து ஆண்டுகளில் சீர்திருத்தக்காரர்கள் கேட்டதைத்தான் செய்திருந்தார்கள். நீர் குறைந்த சிறுபோகத்தில் நெல்லைக் கைவிட்டு, குறைந்த நீரில் கூடுதல் வருமானம் தரும் மிளகாய்க்கும் பெரிய வெங்காயத்துக்கும் மாறியிருந்தார்கள். வாய்க்கால் முழுவதும் சேர்ந்து பேசி, முறைவைத்து நீர் பாய்ச்சக் கற்றிருந்தார்கள். நெல் வயலில் வடிகான் வெட்டி மேட்டுப்பாத்தி அமைப்பது சிறிய உழைப்பு அன்று. அப்படி மாறியவர்களின் மேல்தான் திறந்த இறக்குமதி விழுந்தது; நெல்லோடு நின்றவர்களுக்கு அரிசித் தீர்வையும் அரசியலும் ஓரளவாவது குடை பிடித்தன. இந்தியச் செத்தல் (காய்ந்த) மிளகாயோடு போட்டியிட முடியாமல் மிளகாய்ப் பரப்பு சுருங்கியது. இன்று இலங்கைச் சமையலறையின் செத்தல் மிளகாயில் பெரும்பங்கு கடல் தாண்டி வருவது. மாறும்படி சொன்ன கொள்கையே மாறியவரைத் தண்டித்தது என்றால், அடுத்த தடவை பயிரை மாற்றும்படி விரிவாக்க உத்தியோகத்தர் வந்து சொல்லும்போது யார் நம்புவார்?

2000ஆம் ஆண்டில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் ஆதரவோடு வந்த தேசிய நீர்வளக் கொள்கை, நீருக்கு உரித்துகளை வகுத்துக் கைமாற்றவும் இடமளிக்க எண்ணியது. எதிர்ப்பு மிகக் கடுமையாக எழுந்து அது கிடப்பில் போடப்பட்டது. அந்த எதிர்ப்பைக் கல்லாமையின் குரலாக எழுதியவர்கள் உண்டு. மிளகாயில் சூடுபட்டவர்களின் குரலாகவே எனக்கு அது கேட்டது.

2007இல் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம் வந்தபோது பாதுகாப்புக்கு ஒரு வழி திறந்ததாகத் தோன்றியது. அறுவடைக் காலத்தில் இறக்குமதி மீது அறவீட்டை உயர்த்தி, உள்ளூர் விளைச்சல் தீர்ந்ததும் குறைக்கலாம் என்பது கருத்து. ஆனால் அந்த மாற்றம் ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு உடனே நடைமுறைக்கு வருவது. நகரத்தில் விலை ஏறியதும் அறவீடு குறையும். கப்பலில் ஏற்றிய வெங்காயம் கொழும்பில் இறங்கும் வாரம் தம்புள்ளையில் அறுவடையாக இருக்கும். இதில் யாரையும் சதி செய்ததாகச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, தேவையும் இல்லை. நுகர்வோருக்காக எடுத்த நியாயமான முடிவுகூட, மூன்று மாதத்துக்கு முன் நாற்று நட்டவரின் கணக்கை அழித்துவிடும் என்பதே போதும்.

சீர்திருத்தம் மட்டுமே இந்தக் குற்றத்தைச் செய்தது என்று சொன்னால் அது நேர்மையாகாது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தது, எந்த உலக வங்கி அறிவுரையும் கேட்காமல் எடுத்த முடிவு. சேதனப் பசளைக்கு மாற வேண்டும் என்ற எண்ணத்தில் பிழையில்லை. நஞ்சு கலந்த கிணறுகளைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஒரு போகத்துக்குள் மாறிவிடச் சொன்னதுதான் கொடுமை. நவம்பரில் தடை தளர்த்தப்படுவதற்குள் பெரும்போகம் விதைத்தாயிற்று. 2022 தொடக்கத்து அறுவடை பலத்த வீழ்ச்சி கண்டது. கட்டுப்பாட்டுக்காரரும் திறந்த சந்தைக்காரரும் ஒரே விதமாகவே நடந்துகொண்டார்கள்: அறிவித்தல் நள்ளிரவில், விளைவு வயலில்.

தோட்டங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். பெரிய குளத்துக்காரரைப் போலன்றி, கிணறு வைத்திருப்பவர் தனியாக முடிவெடுக்கலாம். இந்த முறை வெங்காயம், அடுத்த முறை பீற்றூட் என்று விலையைப் பார்த்து மாறலாம். அந்த அளவில் சந்தையோடு ஓடக்கூடியவர் அவர்தான். ஆனால் கிணற்றின் அடியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறை எல்லோருக்கும் பொதுவானது. மலிவான மண்ணெண்ணெயும் மலிவான யூரியாவும் சேர்ந்து பல ஆண்டுகளாகச் செய்ததைக் குடாநாட்டுக் கிணற்று நீரின் நைத்திரேற்று அளவுகள் சொல்கின்றன. கரையோரக் கிணறுகள் உவராகியதும் அதே கதைதான். எனவே மானியம் எப்படியும் இருந்தே தீர வேண்டும் என்று வாதிட என் மனம் ஒப்பவில்லை. மண்ணெண்ணெய் விலை மெதுவாக, முன்னறிவித்தலோடு, ஐந்தாறு ஆண்டுகளில் ஏறியிருந்தால், இரவு முழுக்க வாய்க்காலில் ஓடவிடும் வழக்கம் குறைந்து தூவல் பாசனமும் சொட்டுநீரும் பரவியிருக்கலாம். ஒரே இரவில் நான்கு மடங்கானபோது அதற்கெல்லாம் நேரமில்லை. சிலர் பரப்பைக் குறைத்தார்கள், சிலர் இறைப்பைத் தள்ளிப்போட்டு விளைச்சலை இழந்தார்கள்.

செய்யக்கூடியவை என்று எனக்குத் தெரிபவை பெரிய தத்துவங்கள் அல்ல. அறவீட்டையும் கொள்வனவு விலையையும் பசளைக் கொடுப்பனவையும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு முன்பே அறிவித்து, அந்தப் போகத்தின் அறுவடை முடியும்வரை மாற்றமாட்டோம் என்று சட்டத்தில் எழுதலாம். அதனால் நகரத்தில் விலை ஏறினால், ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாக உதவலாம். அந்தச் செலவை வெங்காயக்காரரின் தலையில் கட்ட வேண்டியதில்லை. வாய்க்காலுக்குக் கட்டணம் கேட்பதானால், அந்தப் பணம் அந்த வாய்க்காலை விட்டு வெளியேறக் கூடாது. நீர் பிந்தினால் கட்டணமும் குறைய வேண்டும். அனுமதிப்பத்திரக் காணிக்கு முழு உரித்துக் கொடுக்கும் பேச்சு அவ்வப்போது எழுந்து வருகிறது. அது நல்லதாகவும் முடியலாம். ஆனால் இரண்டு போகம் தொடர்ந்து விலை விழுந்த பிறகு அந்த உரித்தைக் கொடுத்தால், அது அடகுக்காரரிடம் போய்ச் சேரும் ஆவணமாகவே இருக்கும். விலையை உறுதிப்படுத்திவிட்டுக் காணி உரித்துக்கு வருவதே சரியான வரிசை.

மண்ணெண்ணெய்க்குப் பதிலாகச் சூரியசக்தி நீர்ப்பம்பிகளை விரும்பும் தோட்டக்காரர்கள் இன்று பலர். அவர்கள் விருப்பம் முற்றிலும் நியாயமானது. ஆனால் வெயில் இருக்கும்வரை செலவில்லாமல் இறைக்கும் ஓர் இயந்திரத்தை, கிணற்று நீரின் மட்டமும் உவர்த்தன்மையும் அளந்து பார்க்கும் ஏற்பாடு எதுவுமில்லாமல் ஆயிரக்கணக்கில் கொடுத்தால், முந்திய மானியத்தின் தவறு புதிய உருவில் திரும்பும். ஒவ்வொரு ஊரிலும் சில கிணறுகளையாவது மாதந்தோறும் அளந்து, அந்தக் கணக்கைக் கமநல சேவை நிலையத்தின் சுவரில் எல்லோரும் பார்க்க ஒட்டி வைக்கும் வேலையை, பம்பி கொடுக்கும் திட்டங்களின் முதல் நிபந்தனையாக வைக்கும்படி எங்கள் பக்கத்துக் கமக்காரர் அமைப்பு கோர வேண்டும் என்று அண்மையில் உறவினரிடம் சொல்லியிருக்கிறேன்.